வேதாகமத்தில் எத்தனை தடவை? எண்ணத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன். மயிலாடுதுறைப் பக்கத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதாகம வினாடி வினா. கேள்வித்தாள் தயாரித்தது நான்தான். "'பயப்படாதே' என்று வேதத்தில் எத்தனை தடவை வருகிறது?" என்று ஒரு கேள்வி போட்டு, விடை 365 என்று எழுதி வைத்திருந்தேன். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு 'பயப்படாதே' என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கணக்கு. யாரும் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று நம்பிவிட்டேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "அங்கிள், நான் லீவுல உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு வரல" என்றாள். கையில் நோட்டு வைத்திருந்தாள். விடைத்தாளில் இருப்பதுதான் விடை என்று சொல்லி அவளுக்கு மதிப்பெண் போடாமல் விட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து நானே எண்ண உட்கார்ந்தபோதுதான் அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. எந்த வழியில் எண்ணினாலும் 365-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், 365 என்ற எண் வேதத்தில் இருக்கிறது. ஏனோக்கின் வயது அது (ஆதியாகமம் 5:23). 'பயப்படாதே'வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம். யார் எண் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்போம்: எந்த மொழிபெயர்ப்பில் எண்ணினாய்? எந்த வடிவத்தை எண்ணினாய்? சொல்லை எண்ணினாயா, வசனத்தை எண்ணினாயா? இந்த மூன்றும் இல்லாத எண், அளவு சொல்லாமல் "வயல் இருக்கிறது" என்று சொல்வதைப் போல. மாவா, குழியா, வேலியா?

முதல் வேலை: எந்தப் புத்தகம்?

காவிரிப் படுகையில் வேதாகமம் என்றால் ஒரே புத்தகம் அல்ல. தரங்கம்பாடி, மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன் வீட்டிலும் தஞ்சாவூர் சி.எஸ்.ஐ. வீட்டிலும் பெரும்பாலும் இருப்பது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் உருவானது. வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ கத்தோலிக்க வீட்டுக்குப் போனால் 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கும். முதலாவதில் 66 புத்தகங்கள், இரண்டாவதில் 73. எண்ண வேண்டிய எல்லையே வேறு.

சொல்லும் வேறு. அங்கே கர்த்தர், இங்கே ஆண்டவர். அங்கே தேவன், இங்கே கடவுள். அங்கே உபவாசம், இங்கே நோன்பு. அங்கே வருஷம், இங்கே ஆண்டு. திருவிவிலியத்தில் 'வருஷம்' என்று தேடிவிட்டு "வேதத்தில் வருஷமே இல்லை" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னதுண்டு. புத்தகங்களின் பெயரும் மாறும்: சங்கீதம் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள், நியாயாதிபதிகள் அதில் நீதித் தலைவர்கள். ஆக, நோட்டின் முதல் பக்கத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம், வேறு பெயர் சொல்லாத இடங்களில், பழைய மொழிபெயர்ப்பை வைத்துத்தான்.

இந்த வேற்றுமைக்கு வயது அதிகம். தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சானது நம் ஊரில்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் மொழிபெயர்த்து, 1714-15-இல் அங்கேயே அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து 1719-இல் இறந்துபோனார். மிச்சத்தை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பிறகு பப்ரிசியஸ், பெர்சிவல், பவர், லார்சன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கையும் சொற்களை மாற்றியிருக்கிறது, எண்ணிக்கையும் அதோடு மாறியிருக்கிறது.

இரண்டாவது: சின்னதாகத் தொடங்குங்கள்

எடுத்தவுடனே 1,189 அதிகாரத்தையும் தேடப் போகாதீர்கள். ஒரே அதிகாரத்தில், போன் இல்லாமல், பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணிப் பழகுங்கள். நான் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகள் இவை.

சங்கீதம் 136. "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று ஒவ்வொரு வசனத்திலும் வருகிறது. 26 வசனம், 26 தடவை. இதில் தப்பவே முடியாது, அதனால்தான் முதல் பயிற்சி.

பிரசங்கி 3, 2 முதல் 8 வரை. "பிறக்க ஒரு காலமுண்டு, இறக்க ஒரு காலமுண்டு, நட ஒரு காலமுண்டு, நட்டதைப் பிடுங்க ஒரு காலமுண்டு" என்று போகும். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிற நமக்கு அந்த இரண்டாவது வரியை விளக்கவே வேண்டாம். வசனம் ஏழுதான். ஆனால் 'ஒரு காலமுண்டு' 28 தடவை. சொல்லை எண்ணினால் 28, வசனத்தை எண்ணினால் 7. இரண்டும் சரியான விடைதான், எதை எண்ணினோம் என்று சொல்லிவிட்டால். போனில் தேடினால் பெரும்பாலான வேதாகம ஆப்கள் வசனங்களின் எண்ணிக்கையைத்தான் காட்டும். "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்கிற ஏசாயா 6:3 அதற்கு ஒரே ஒரு வசனம். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

யோவான் சுவிசேஷத்தில் "மெய்யாகவே மெய்யாகவே" கிரேக்க மூலத்தில் 25 இடங்களில் இரட்டையாக வருகிறது. 25 தடவையா, 50 சொல்லா? நீங்களே முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள். திருவிவிலியத்தில் 'மெய்யாகவே' என்று தேடிப் பயனில்லை, அங்கே 'உறுதியாக' என்பதுதான் சொல்.

அப்புறம் ஆதியாகமம் 1. இது எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. தேவன் படைத்ததைப் பார்த்து நல்லது என்று கண்டது எத்தனை தடவை? எல்லாரும் ஏழு என்பார்கள். 'நல்லது' என்ற சொல்லைத் தேடுங்கள்: 4, 10, 12, 18, 21, 25 ஆகிய வசனங்களில் வரும். ஆறுதான். ஏழாவது எங்கே? 31-ஆம் வசனத்தில், "அது மிகவும் நன்றாயிருந்தது" என்று ஆளே மாறி நிற்கிறது. எபிரெயத்தில் ஏழு இடத்திலும் ஒரே சொல். தமிழில் மொழிபெயர்த்தவர் கடைசி இடத்தில் வாக்கியத்தின் ஓட்டத்துக்காக வேறு வடிவம் போட்டுவிட்டார். அவர் செய்தது தப்பில்லை, ஆனால் சொல்லை மட்டும் நம்பி எண்ணுகிறவன் ஒன்றைத் தொலைத்துவிடுவான்.

மூன்றாவது: போனில் தேடுவது

இங்கேதான் தமிழ் நம்மைச் சோதிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் ஏறக்குறைய எல்லா இடமும் வந்துவிடும். தமிழில் சொல் வேட்டி கட்டும், சட்டை போடும், துண்டும் போட்டுக்கொள்ளும். வருஷம், வருஷத்தில், வருஷங்களாய், வருஷமும், வருஷமளவும். 'வருஷம்' என்று முழுதாகத் தேடினால் 'வருஷத்தில்' கிடைக்காது. 'வருஷ' என்று அடியை மட்டும் தேட வேண்டும்.

புள்ளியைக் கவனியுங்கள். 'நாள்' என்று புள்ளியோடு தேடினால் 'நாளில்' வராது, ஏனென்றால் அங்கே ள்-க்குப் புள்ளி இல்லை, ளி. 'நாள' என்று புள்ளி இல்லாமல் தேடினால் நாள், நாளில், நாளும் எல்லாம் வரும். கூடவே 'நாளைக்கு' என்பதும் ஓசியில் ஏறிக்கொள்ளும். கணினிக்குத் தமிழ் எழுத்தும் அதன் துணைக் குறியும் தனித்தனி என்பதால் இப்படி. அதே காரணத்தால் 'மாத' என்று தேடினால் 'மாதிரி'யும் வந்து நிற்கலாம். 'நாட்கள்' கிடைக்க 'நாட்' என்று போட்டால் 'நாட்டில்' கூட்டமாக வரும். எல்லா ஆப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் முதலில் சங்கீதம் 136 போல விடை தெரிந்த ஓர் இடத்தில் உங்கள் ஆப்பைச் சோதித்துவிட்டு, பிறகு நம்புங்கள்.

சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்ளும் புணர்ச்சி இன்னும் பெரிய தலைவலி. வெளிப்படுத்தின விசேஷத்தில் 1,260 நாள் என்று வருகிறதே, அதைத் தேடுங்கள் பார்க்கலாம். '1260' என்று போட்டால் ஒன்றும் வராது, எண்ணெல்லாம் எழுத்தில்தான். 'அறுபது' என்று போட்டாலும் வராது. ஏனென்றால் புத்தகத்தில் "ஆயிரத்திருநூற்றறுபது" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது. அந்த 'அ' முன்னால் உள்ள எழுத்தில் கரைந்துவிட்டது. 'றுபது' என்று நடுவிலிருந்து தேடினால் மாட்டிக்கொள்ளும். உயிரெழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் இந்த ஆபத்து உண்டு.

மாற்கு சுவிசேஷத்தில் 'உடனே' அதிகம் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், கிரேக்கத்தில் அந்தச் சொல் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. தமிழில் 'உடனே' என்று தேடினால் மாற்கு 1:10-இலேயே தவறவிடுவீர்கள், அங்கே "கரையேறினவுடனே" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, 'டனே' என்று தேடலாம் என்றால் 'அவருடனே', 'என்னுடனே' என்று வேறு அர்த்தம் உள்ளவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். களத்தில் தூற்றுவதைப் போல, முதலில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பிறகு பதரைத் தள்ள வேண்டும். குறுக்கு வழி கிடையாது, ஒவ்வொரு வசனத்தையும் வாசித்துத்தான் தள்ள வேண்டும்.

'பயப்படாதே' கணக்கு உடைந்ததும் இப்படித்தான். பயப்படாதே, பயப்படாதிருங்கள், திகையாதே, கலங்காதே என்று ஒரே ஆறுதல் பல முகத்தோடு வருகிறது. 'பயப்ப' என்று தேடினால் 'பயப்படுகிறவர்கள்', 'பயப்பட்டான்' எல்லாம் சேரும். கர்த்தருக்குப் பயப்படுங்கள் என்று நேர் எதிராகச் சொல்கிற இடமும் சேரும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று விதி எழுதாமல் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும். அந்தப் பிள்ளையின் நோட்டில் அந்த விதி முதல் வரியில் இருந்தது என்று பிற்பாடுதான் கவனித்தேன்.

இன்னொன்று: பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளில் தேடல் வேலை செய்யாது. பார்க்கத் தமிழ், உள்ளே வேறு ஏதோ. யூனிக்கோடில் உள்ள பிரதிதான் வேண்டும்.

நான்காவது: மூலமொழிக்கு ஒரு எட்டு

எபிரெயம், கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. கன்கார்டன்ஸ் என்கிற சொல்லடைவு அதற்குத்தான். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் எபிரெயச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரையும், கிரேக்கச் சொற்களுக்கு 1 முதல் 5624 வரையும் எண் கொடுத்தார். இன்று பல ஆப்களில் ஒரு சொல்லைத் தொட்டால் அந்த எண் வரும், எண்ணைத் தொட்டால் அது வரும் இடமெல்லாம் வரும். எபிரெயத்தில் நாள் என்பதற்கான சொல் 3117, வருஷம் 8141, நாற்பது 705. கிரேக்கத்தில் நாள் 2250, நாற்பது 5062. இந்த ஐந்தை நோட்டின் பின்அட்டையில் எழுதி வைத்தால் காலக்கணக்குக்குப் பெரும்பாலும் போதும்.

இங்கேயும் கொஞ்சம் இழுபறி உண்டு. நாள் என்ற எபிரெயச் சொல் சுமார் 2,300 தடவை என்பார்கள். ஒருவர் எண்ணுக்கும் இன்னொருவர் எண்ணுக்கும் பத்திருபது வித்தியாசம் வரும். கர்த்தருடைய பெயரான நான்கெழுத்துச் சொல் 6,800-க்கும் மேல். ஆனால் எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் அது ஒரு தடவைகூட இல்லை, தேவன் என்ற சொல்லும் இல்லை. திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் "எங்கள் எஸ்தரில் கடவுள் வருகிறாரே" என்றால் அவர்களும் சரிதான். அவர்கள் நூலில் கிரேக்கப் பகுதிகளும் உண்டு.

தைரியமாக முழு எண் சொல்லக்கூடியது 'சேலா', பாட்டுக்கு இடையில் வருகிற எபிரெயச் சொல். சங்கீதங்களில் 71, ஆபகூக்கில் 3, ஆக 74. வினாடி வினாவுக்குக் கேள்வி வேண்டுமானால் இதைப் போடுங்கள், என்னைப் போல மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஐந்தாவது: காலத்தை எண்ணுவது

சொல்லை எண்ணுவது பொறுமை. காலத்தை எண்ணுவதற்கு அந்த மக்கள் எப்படி எண்ணினார்கள் என்று தெரிய வேண்டும்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. எத்தனை நாள்? கழித்துப் பார்த்தால் பத்து. கொடியேறும் நாளையும் சேர்த்து விரல் விட்டால் பதினொன்று. வேதத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணுகிறவர்கள். தொடக்க நாளும் கணக்கில், முடிகிற நாளும் கணக்கில். நம் வீடுகளில் இறந்த நாளை முதல் நாளாக வைத்துப் பதினாறாம் நாள் காரியம் குறிக்கிறோமே, அதே எண்ணம். வெள்ளி சாயங்காலம் அடக்கம், ஞாயிறு விடியலில் உயிர்த்தெழுதல், அது எப்படி மூன்றாம் நாள் என்று ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. சந்தேகம் தீராவிட்டால் எஸ்தர் 4:16-ஐயும் 5:1-ஐயும் காட்டுங்கள். மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்று சொன்னவள், மூன்றாம் நாளிலேயே ராஜாவிடம் போய் நிற்கிறாள்.

ஈஸ்டரை ஒன்று என்று வைத்து விரல் விட்டால் பரமேறுதல் வியாழக்கிழமை 40-ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறு 50-ஆம் நாள். நடுவில் எஞ்சுவது ஒன்பது நாள். சீஷர்கள் ஜெபத்தில் காத்திருந்த அந்த ஒன்பதைத்தான் நவநாளுக்கு வேர் என்று சொல்கிறார்கள். தவக்காலம் மட்டும் விதிவிலக்கு: சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள் வரும், ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் நாற்பது. லெந்து என்று சொல்கிறவர்களுக்கும் அதே கணக்கு.

மணிக்கணக்கும் வேறு. அவர்கள் பகல் விடியலில் தொடங்குகிறது, ஆறாம் மணி என்றால் உச்சிப்பொழுது, ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. இரவை ரோமர் நான்கு ஜாமமாகப் பிரித்தார்கள். இயேசு கடல்மேல் நடந்துவந்த "நாலாம் ஜாமம்" விடிவதற்கு முந்தின மூன்று மணி நேரம். சாமக்கோடாங்கி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. கிதியோன் காலத்து இரவில் மூன்று ஜாமம்தான், அதனால்தான் நியாயாதிபதிகள் 7:19-இல் நடுஜாமம் என்ற ஒன்று இருக்கிறது.

இனி நாற்பது. காலக்கணக்கில் ராஜா இதுதான். ஜலப்பிரளயத்தில் மழை நாற்பது நாள். மோசே மலையில் நாற்பது நாள். வேவுகாரர் கானானைச் சுற்றிவந்தது நாற்பது நாள். அவர்கள் கொண்டுவந்த துர்ச்செய்தியை நம்பி ஜனங்கள் முறுமுறுத்ததற்குத் தண்டனை, நாளுக்கு ஒரு வருஷமாக நாற்பது வருஷம் வனாந்தரம். கோலியாத் வந்து நின்று சவால் விட்டது நாற்பது நாள். எலியா ஓரேபுக்கு நடந்தது நாற்பது நாள். இயேசு உபவாசம் நாற்பது நாள். ஈசாக்குக்குக் கலியாணம் நாற்பது வயதில், ஏசாவுக்கும் நாற்பதில். சாலொமோன் ஆட்சி நாற்பது வருஷம். மோசேயின் 120 வயதை ஸ்தேவான் சொல்லும்போது மூன்று நாற்பதாகவே பிரிகிறது.

இத்தனை பேருக்கும் அச்சாக நாற்பதா என்று சந்தேகம் வந்தால் நல்லது, அந்தச் சந்தேகத்தோடு 2 சாமுவேல் 5-க்குப் போங்கள். தாவீது எப்ரோனில் ஏழு வருஷம் ஆறு மாதம், எருசலேமில் முப்பத்துமூன்று வருஷம். கூட்டினால் நாற்பதரை. ஆனால் முந்தின வசனத்தில் "நாற்பது வருஷம்". அரை வருஷத்தை எழுதியவர் மறைக்கவில்லை, பக்கத்திலேயே வைத்துவிட்டு முழு எண்ணைச் சொல்கிறார்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, 2004-இல் வந்தது, 2016-இல் வந்தது. ஆனால் "உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சே" என்று கடைத்தெருவில் ஒருவர் சொன்னால் யாரும் பஞ்சாங்கத்தை எடுப்பதில்லை. ரொம்ப நாள் என்று அர்த்தம். நாற்பதும் பல இடங்களில் அப்படி, ஒரு தலைமுறை, ஒரு முழுச் சோதனைக்காலம். எல்லா இடத்திலும் அப்படியா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாமாங்கத்துக்கும் தேதி குறித்து நடக்கிற மாமாங்கம் உண்டல்லவா? எனவே நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். 'தேதிக் கணக்கு' என்று தோன்றினால் தே, 'முழு எண்' என்று தோன்றினால் மு, தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள். என் நோட்டில் வெறுங்கட்டம்தான் அதிகம்.

சில இடத்தில் பிரதிகளே மாறும். நினிவே கவிழ்க்கப்பட இன்னும் நாற்பது நாள் உண்டு என்று யோனா கூவினான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அதே இடத்தில் மூன்று நாள். சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது எகிப்தை விட்டு வந்த 480-ஆம் வருஷம் என்று 1 இராஜாக்கள் 6:1, செப்துவஜிந்தில் 440. நானூற்றெண்பது என்பது பன்னிரண்டு நாற்பது என்று கவனித்து, இது தலைமுறைக் கணக்கு என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எகிப்து அடிமைத்தனமும் ஆதியாகமம் 15:13-இல் 400, யாத்திராகமம் 12:40-இல் 430. ஒன்று முழு எண், மற்றது விவரமான எண் என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள், எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் வித்தியாசம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.

தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் பக்கம் போகும்போது ஒரு வாய்ப்பாடு கைவசம் வேண்டும்: மாதம் என்றால் 30 நாள். இது எங்கிருந்து வந்தது? நோவா கதையிலிருந்தே பிடிக்கலாம். இரண்டாம் மாதம் 17-ஆம் தேதி வெள்ளம் தொடங்கி, ஏழாம் மாதம் 17-ஆம் தேதி பேழை மலையில் தங்கியது. ஐந்து மாதம். ஜலம் மேற்கொண்டிருந்தது 150 நாள். ஐந்தால் வகுத்தால் முப்பது. இப்போது வெளிப்படுத்தின விசேஷம் 11-ஐத் திறந்தால் 2-ஆம் வசனத்தில் 42 மாதம், 3-ஆம் வசனத்தில் 1,260 நாள். 42-ஐ முப்பதால் பெருக்குங்கள். 12:14-இல் "காலமும் காலங்களும் அரைக்காலமும்", அதாவது ஒன்று, இரண்டு, அரை: மூன்றரை வருஷம். மூன்றும் ஒரே அளவு, மூன்று படியில் அளந்தது. 'மூன்றரை வருஷம் எத்தனை தடவை வருகிறது' என்று ஒருவர் கேட்டால், இந்த மூன்று வேஷத்தையும் தனித்தனியாகத் தேடிக் கூட்ட வேண்டும். தானியேல் 12-இல் வரும் 1,290-ஐயும் 1,335-ஐயும் இதோடு கலக்க வேண்டாம்.

எண்ணே இல்லாத காலமும் உண்டு. நகோமியும் ரூத்தும் பெத்லகேமுக்கு வந்தது வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில். "குறுவை அறுப்புக்கு வந்தான்" என்று நம் ஊரில் சொன்னால் மாதமே தெரிந்துவிடும். இதை எந்தத் தேடலும் பிடிக்காது, வாசித்தால்தான் கிடைக்கும்.

ஆறாவது: வாட்ஸ்அப் கணக்கைச் சரிபார்ப்பது

வருஷத்துக்கு ஒரு தடவையாவது இது வந்துவிடும்: "வேதத்தின் நடு அதிகாரம் சங்கீதம் 118. அதற்கு முன் 594 அதிகாரம், பின் 594 அதிகாரம். கூட்டினால் 1,188. சங்கீதம் 118:8-தான் நடு வசனம்!" கண்ணில் நீர் வர வைக்கும் செய்தி. பிள்ளைகளிடம் கொடுத்துக் கரும்பலகையில் கூட்டச் சொன்னேன். ஆதியாகமம் முதல் யோபு வரை அதிகாரங்கள் 478. அதோடு 117-ஐக் கூட்டினால் 595. மொத்தம் 1,189-இல் 595-ஆவதுதான் சரிநடு. ஆக நடு அதிகாரம் சங்கீதம் 117, இரண்டே வசனம் உள்ள மிகச் சிறிய அதிகாரம். 118 இல்லை. வசனமும் அப்படித்தான்: 66 புத்தகங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 31,102 என்பது இரட்டைப்படை, அதற்கு ஒற்றை நடு கிடையாது. நடுவில் இரண்டு வசனங்கள் நிற்கும், அவை சங்கீதம் 103:1-ம் 2-ம். 73 புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுக்கவே வேறு.

இத்தனைக்கும் இந்தப் பிரிவுகள் மூலத்தில் இருந்தவையே அல்ல. அதிகாரங்களை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் பிரித்தார். புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டது பிரெஞ்சு அச்சக்காரர் ராபர்ட் எஸ்டியன், 1551-இல். நடு வசனத்தில் ரகசியம் தேடுகிறவர்கள், அந்த எண்ணை யார் எப்போது போட்டார்கள் என்று ஒரு தடவை யோசிக்கலாம்.

'மிகச் சிறிய வசனம்' என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். ஆங்கிலத்தில் யோவான் 11:35 இரண்டு சொல். தமிழில் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று மூன்றாகிவிட்டது. 1 தெசலோனிக்கேயர் 5:16 தமிழில் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்", இரண்டே சொல்.

நோட்டில் எப்படி எழுதுவது

என் நோட்டிலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: 'ஆயிரம் வருஷம். பழைய மொழிபெயர்ப்பு. எல்லை: வெளிப்படுத்தின விசேஷம் 20 மட்டும். தேடியது: ஆயிரம் வருஷ. வசனம் 2, 3, 4, 5, 6, 7. சொல் 6, வசனம் 6. கட்டம்: வெறுமை. ஒப்பிட: சங்கீதம் 90:4, 2 பேதுரு 3:8.' இவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து யாராவது சண்டைக்கு வந்தால் இந்த ஒரு பதிவை நீட்டினால் போதும், அவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் வாரத்துக்கு வேலை: நியாயாதிபதிகள் புத்தகத்தை எடுத்து, தேசம் எத்தனை வருஷம் அமைதலாயிருந்தது என்று வருகிற ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். 3:11-இல் தொடங்குங்கள். நாற்பது வரும் என்று எதிர்பார்த்து 'நாற்ப' என்று மட்டும் தேடினால் ஏகூத்துக்குப் பிறகு வரும் ஓர் இடத்தைத் தவறவிடுவீர்கள். அங்கே என்ன எண், அது நாற்பதோடு எப்படிப் பொருந்துகிறது என்று பென்சிலில் எழுதிவிட்டு, கட்டத்தில் தே போடுவதா மு போடுவதா என்று நீங்களே பாருங்கள்.